செயப்பாட்டு வினை: எழுதுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

செய்தி எழுதுகிறவர்கள், ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கிறவர்கள், ஆய்வேட்டோடு மல்லுக்கட்டும் மாணவர்கள், அலுவலகக் கடிதம் தயாரிக்கிறவர்கள் என்று பல தரப்பிலிருந்தும் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன. பள்ளி இலக்கணம் நினைவில் இருப்பவர்கள் நேராக 4ஆம் கேள்விக்குப் போகலாம்.

1. செயப்பாட்டு வினைன்னா என்ன? ஸ்கூல்ல படிச்சதெல்லாம் மறந்துபோச்சு.

‘தச்சர் நாற்காலியைச் செய்தார்’ என்பது செய்வினை. ‘நாற்காலி தச்சரால் செய்யப்பட்டது’ என்பது செயப்பாட்டு வினை. இரண்டுக்கும் இடையே மூன்று மாற்றங்கள். செயப்படுபொருளான நாற்காலி தன் ‘ஐ’ உருபை உதிர்த்துவிட்டு எழுவாயாகிறது. செய்தவர் ‘ஆல்’ உருபை ஏற்கிறார். வினை ‘செய்ய’, ‘எழுத’, ‘கொடுக்க’ என்று அகரத்தில் முடியும் எச்சமாகி, அதன்மேல் ‘படு’ ஏறுகிறது.

காலம், எண், பால், இடம் எல்லாவற்றையும் இனி ‘படு’தான் சுமக்கும். நாற்காலி செய்யப்பட்டது, நாற்காலிகள் செய்யப்பட்டன, நான் அழைக்கப்பட்டேன், அவர்கள் அழைக்கப்படவில்லை. எழுதும்போது இது ஒரே சொல், நடுவில் ‘ப்’ உண்டு. ‘செய்ய பட்டது’, ‘செய்யபட்டது’ இரண்டுமே பிழை.

2. ‘படு’ வந்தாலே செயப்பாட்டு வினைதானா?

இல்லை. கவலைப்பட்டார், ஆசைப்பட்டார், புறப்பட்டார், ஈடுபட்டார், உடன்பட்டார், மேம்பட்டது, ஏற்பட்டது: இவை எல்லாம் செய்வினைதான். கவலைப்பட்டவரே எழுவாய், வேறொருவர் அவரை எதுவும் செய்யவில்லை. சோதனை எளிது. ‘படு’வை எடுத்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். ‘எழுத’, ‘விற்க’, ‘அழைக்க’ என்று வினையெச்சம் மிஞ்சினால் செயப்பாட்டு வினை. ‘கவலை’, ‘ஆசை’ என்று பெயர்ச்சொல் மிஞ்சினாலோ, ‘புற’, ‘உடன்’ என்று தனி வினையாக நிற்காத துண்டு மிஞ்சினாலோ அல்ல.

இரண்டு ‘படு’ வரும் சொற்கள்தான் குழப்பும். ‘பயன்படு’ தன்வினை (எழுவாய்க்குத் தானே நிகழ்வது), அது ‘பயன்படுத்து’ என்று பிறவினையாகி (இன்னொன்றின்மேல் செய்வது), அதன்பிறகு ‘பயன்படுத்தப்படு’ என்று செயப்பாட்டு வினையாகிறது. ‘இந்த மரம் படகு கட்டப் பயன்படுத்தப்படுகிறது’ என்று எழுதுகிறவர்கள் அதிகம். ‘பயன்படுகிறது’ என்றாலே போதும். ஐந்து எழுத்து மிச்சம், பொருள் குறையவில்லை.

3. இது இங்கிலீஷ்காரன் கொண்டுவந்த பழக்கம், தமிழே இல்லைன்னு ஒரு ஐயா சொன்னார். உண்மையா?

பாதிதான் உண்மை. ‘வையத்துள் வாழ்வாங்கு வாழ்பவன் வானுறையும் தெய்வத்துள் வைக்கப் படும்’ என்பது 50ஆம் குறள். ‘வாய்மை எனப்படுவது யாதெனின்’ என்று தொடங்குவது 291ஆம் குறள். ‘படு’ சேர்ந்த செயப்பாட்டு வினைக்கு வயது அவ்வளவு. ஆனால் 50ஆம் குறளில் யார் வைக்கிறார்கள் என்ற பேச்சே இல்லை என்பதைக் கவனியுங்கள். ‘இன்னாரால்’ என்று செய்தவரையும் இழுத்துக்கொண்டு வரும் வாக்கியம் வரிக்கு வரி தென்படுவதுதான் மொழிபெயர்ப்பும் அலுவலக உரைநடையும் வளர்த்த பழக்கம்.

‘படு’ இல்லாமலேயே இந்த வேலையைச் செய்யும் வழி அதைவிட இயல்பானது. ‘செயப்படு பொருளைச் செய்தது போலத் தொழிற்படக் கிளத்தலும் வழக்கியல் மரபே’ என்கிறது தொல்காப்பிய வினையியல். உரைகாரர் தரும் எடுத்துக்காட்டு ‘திண்ணை மெழுகிற்று’. திண்ணை எதையும் மெழுகாது, அதைத்தான் யாரோ மெழுகினார்கள். இருந்தும் வழக்கு ஏற்றுக்கொள்கிறது. ‘கடை திறந்தாச்சு’, ‘பால் காய்ச்சியாச்சு’ என்று இன்று நாம் பேசுவதும் இதற்குத் தூரத்துச் சொந்தம்தான்.

4. சரி, எப்போ எழுதலாம், எப்போ கூடாது? ஒரு விதி சொல்லுங்க.

ஒரு விதியாக இல்லாமல் இரண்டு கேள்விகளாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் கேள்வி: இதை ஒருவர் செய்தாரா, தானாக நடந்ததா? இரண்டாவது: செய்தவர் யார் என்பது வாசகருக்கு வேண்டுமா? ஆங்கில இலக்கணம் படித்த பழக்கத்தில் நாம் வாக்கியத்துக்கு இரண்டு வடிவம்தான் என்று நினைக்கிறோம். தமிழில் மூன்று உண்டு.

‘பேருந்தின் கண்ணாடி உடைந்தது’: தானாக நடந்தது, அல்லது எப்படி என்று சொல்ல வரவில்லை. ‘பேருந்தின் கண்ணாடி உடைக்கப்பட்டது’: யாரோ உடைத்தார்கள், யார் என்று தெரியவில்லை அல்லது இங்கே தேவையில்லை. ‘போராட்டக்காரர்கள் பேருந்தின் கண்ணாடியை உடைத்தார்கள்’: ஆள் தெரியும், சொல்கிறோம். இவற்றில் நடு வடிவத்துக்குத்தான் ‘படு’. உடை, மாறு/மாற்று, கூடு/கூட்டு, நிரம்பு/நிரப்பு, பரவு/பரப்பு, நட/நடத்து, முடி, அழி, எரி, திற என்று தமிழில் எத்தனையோ வினைகள் இப்படி இரட்டையாக இருக்கின்றன. தானாக நிகழ்வதைச் சொல்ல இவற்றில் ஒரு பாதி எப்போதும் தயாராக நிற்கிறது.

இதை மறப்பதால்தான் ‘நோய் வேகமாகப் பரப்பப்படுகிறது’ என்ற வாக்கியம் பிறக்கிறது. நோயை யாரோ திட்டமிட்டுப் பரப்புகிறார்கள் என்றல்லவா அதற்குப் பொருள்?

5. ‘விலை உயர்ந்தது’, ‘விலை உயர்த்தப்பட்டது’: ரெண்டும் ஒண்ணுதானே? சின்னதா இருக்கறதை எழுதிட்டுப் போகலாமே.

ஒன்றல்ல. வரத்து குறைந்ததால் தக்காளி விலை உயர்கிறது. பேருந்துக் கட்டணம் உயர்வதில்லை. ஓர் அரசு கூடிப் பேசி, கையெழுத்திட்டு, உயர்த்துகிறது. ‘கட்டணம் உயர்ந்தது’ என்று எழுதினால் முடிவெடுத்தவரைக் காட்சியிலிருந்தே அப்புறப்படுத்துகிறோம். ‘உயர்த்தப்பட்டது’ என்றால் அவர் பெயர் இல்லாவிட்டாலும் நிழலாவது இருக்கும். ‘அரசு உயர்த்தியது’ என்றால் ஆளே இருப்பார். செயப்பாட்டு வினை எப்போதும் ஆளை மறைக்கும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது தவறு. ‘உயர்ந்தது’ என்பதோடு ஒப்பிட்டால் அது ஆளைக் காட்டுகிறது.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ‘எரிந்தது’ என்று எழுதினால் மின்கசிவு என்றுகூட ஒருவர் நினைத்துக்கொள்வார். ‘எரிக்கப்பட்டது’ என்பதே குறைந்தபட்ச உண்மை. இலங்கையில் உறவுகளைத் தேடும் குடும்பங்கள் ‘காணாமல் போனோர்’ என்ற சொல்லை மறுத்து ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்று வற்புறுத்துவதும் இதனால்தான். போனவர் தானாகப் போயிருக்கலாம். ஆக்கப்பட்டவரை ஆக்கியவர் ஒருவர் உண்டு.

இதே இலக்கணம் நம் அன்றாடச் சொற்களிலும் இருக்கிறது. ‘தாழ்ந்த’ என்றால் தாழ்வு அந்த மக்களின் இயல்பு என்றாகும். ‘தாழ்த்தப்பட்ட’ என்றால் தாழ்த்தியவர்கள் இருந்தார்கள் என்று வினை வடிவமே சாட்சி சொல்கிறது. ‘ஒடுங்கிய’ அல்ல, ‘ஒடுக்கப்பட்ட’. தமிழ்நாடு அரசின் பட்டியலில் இருப்பதும் ‘பிற்பட்டோர்’ அல்ல, ‘பிற்படுத்தப்பட்டோர்’. சொல்லைச் சுருக்குகிறோம் என்று இந்த ‘படு’க்களில் கை வைக்கும் பத்திரிகை உதவி ஆசிரியர் பொருளையே வெட்டிவிடுகிறார்.

6. செஞ்சவர் பேரும் வேணும். ‘அவரால்’னு போட்டு எழுதலாம் இல்லையா?

எழுதலாம், ஆனால் பெரும்பாலும் தேவையில்லை. செய்தவர் பெயரைச் சொல்லப் போகிறீர்கள் என்றால் அவரையே எழுவாயாக்கிச் செய்வினையில் எழுதுவதுதான் தமிழுக்குச் சுகம். ‘இந்தக் கூட்டம் தலைவரால் தொடங்கி வைக்கப்பட்டது’ என்பதைவிட ‘கூட்டத்தைத் தலைவர் தொடங்கி வைத்தார்’ என்பது குறுகியது, தெளிவானது.

‘ஆனால் கூட்டம்தானே என் பத்தியின் பொருள், அது முன்னால் வர வேண்டாமா?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆங்கிலத்தில் சொல் நிற்கும் இடம்தான் எது எழுவாய் என்று காட்டும். அதனால் செயப்படுபொருளை முன்னால் கொண்டுவரச் செயப்பாட்டு வினை வேண்டும். தமிழில் அந்த வேலையை ‘ஐ’ பார்த்துக்கொள்கிறது. ‘தமிழைச் செம்மொழியாக மத்திய அரசு 2004இல் அறிவித்தது’ என்ற வாக்கியத்தில் தமிழ்தான் முன்னால் நிற்கிறது, ‘படு’வும் இல்லை. அழுத்தம் ஆள்மேல் விழ வேண்டுமானால் அவரைக் கடைசியில் வையுங்கள்: ‘தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவன் முதலாம் இராசராசன்.’

செய்தவர் ஓர் அமைப்பாகவோ, சட்டமாகவோ இருந்து, அடுத்த வாக்கியமும் செயப்படுபொருளைப் பற்றியே தொடர்ந்தால் ‘ஆல்’ வடிவம் உறுத்தாது. நீளமான அறிக்கையில் பக்கத்துக்கு ஒன்றிரண்டு இருந்தால் குறையில்லை.

7. ‘மழையால் ஆட்டம் ரத்து செய்யப்பட்டது’: மழையா ரத்து செஞ்சது?

‘ஆல்’ மூன்று வேலை பார்க்கும்: செய்தவர், கருவி, காரணம். ‘காவலரால் தாக்கப்பட்டார்’, ‘கம்பால் தாக்கப்பட்டார்’, ‘முன்விரோதத்தால் தாக்கப்பட்டார்’. ஒரே வாக்கியத்தில் இரண்டு ‘ஆல்’ வந்தால் வாசகர் தடுக்கி விழுவார். காரணத்துக்கு ‘காரணமாக’ அல்லது ‘பெய்ததால்’ என்ற வடிவத்தையும், கருவிக்குக் ‘கொண்டு’ என்பதையும் கொடுத்துவிட்டு, ‘ஆல்’ ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ‘மழை பெய்ததால் நடுவர்கள் ஆட்டத்தை ரத்து செய்தனர்.’

8. எல்லாரும் ‘அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்’னுதானே எழுதறாங்க? உங்க தலைப்புல மட்டும் ஏன் ‘கேட்கும்’?

தமிழ்ப் பெயரெச்சம் (‘எழுதிய’, ‘கேட்கும்’ என்று பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்கும் வினை) செய்தவரையும் செயப்பட்டதையும் ஒருசேரத் தாங்கும். ‘பாரதியாரால் எழுதப்பட்ட பாடல்’ வேண்டாம். ‘பாரதியார் எழுதிய பாடல்’. ‘ஜி.யு. போப்பால் மொழிபெயர்க்கப்பட்ட குறள்’ வேண்டாம், ‘ஜி.யு. போப் மொழிபெயர்த்த குறள்’. ஒரு கட்டுரையில் இந்த ஒரு திருத்தத்தைச் செய்தாலே பாதிப் ‘பட்ட’ காணாமல் போய்விடும்.

செய்தவர் பெயர் இல்லாதபோதும் இது நடக்கும். வறுத்த கடலை, அவித்த முட்டை, காய்ச்சிய பால், சுட்ட செங்கல் என்றுதான் சொல்கிறோம். ‘வறுக்கப்பட்ட கடலை’ என்று தள்ளுவண்டிக்காரர் கூவினால் யார் வாங்குவார்கள்? ‘வடிகட்டப்பட்ட நீர்’ என்பதையும் ‘வடிகட்டிய நீர்’ ஆக்கலாம். ‘பதிவு செய்யப்பட்ட சங்கம்’, ‘தடை செய்யப்பட்ட மருந்து’ போலச் சட்டப் பொருளோடு நிலைத்துவிட்டவற்றை விட்டுவிடுங்கள். ‘கேட்கப்படும் கேள்விகள்’ என்பதும் தப்பில்லை, பழகிவிட்ட தொடர். கேட்பவர்கள் யார் என்று சொல்ல முடிந்ததால் இங்கே தேவைப்படவில்லை.

எச்சரிக்கை ஒன்று. ‘புலி கொன்ற யானை’ என்றால் யார் யாரைக் கொன்றார்கள்? புலியைக் கொன்ற யானையாகவும் இருக்கலாம், புலியிடம் உயிரைவிட்ட யானையாகவும் இருக்கலாம். ‘புலி கொல் யானை’ என்ற இந்தத் தொடரை உரையாசிரியர்கள் தடுமாறு தொழிற்பெயர் என்ற தலைப்பில் வைத்துப் பேசுகிறார்கள். இப்படி இரண்டு பக்கமும் சாயக்கூடிய இடத்தில் ‘புலியால் கொல்லப்பட்ட யானை’ என்று எழுதுவதுதான் சரி. இரண்டும் உயிருள்ளவையாக இருக்கும்போதே பெரும்பாலும் இந்தச் சிக்கல் வரும். ‘பாடல் பாரதியாரை எழுதியது’ என்று யாரும் புரிந்துகொள்ளப் போவதில்லை.

9. ‘முன்னாள் அதிகாரியை கைது செய்யப்பட்டார்’னு டிவியில ஓடுது. எங்கே தப்பு?

தலை செய்வினை, வால் செயப்பாட்டு வினை. ‘அதிகாரியைக் கைது செய்தனர்’ அல்லது ‘அதிகாரி கைது செய்யப்பட்டார்’. இடையில் வழக்கு விவரம், ஊர், தேதி என்று இருபது சொல் புகுந்துவிட்டால் எழுதுகிறவருக்குத் தொடக்கம் மறந்துபோகிறது. திருத்தும்போது வாக்கியத்தின் கடைசி வினையை முதலில் பாருங்கள். அதில் ‘படு’ இருந்தால், அந்த ‘படு’வின் எழுவாயைத் தேடிப்பிடித்து, அதில் ‘ஐ’ ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சேர்ந்திருந்தால் ஒன்றைத் தூக்க வேண்டும்.

இதோடு கூடப்பிறந்த பிழைகள் இரண்டு. ஒன்று, எண் மயக்கம்: ‘மிதிவண்டிகள் வழங்கப்பட்டது’ தவறு, ‘வழங்கப்பட்டன’. இன்னொன்று, செயப்படுபொருளே ஏற்காத வினைக்குப் ‘படு’ ஒட்டுவது: ‘விழா நடைபெறப்பட்டது’, ‘முடிவுகள் வெளியாகப்பட்டன’. நடைபெறுதலும் வெளியாதலும் தாமாக நிகழ்பவை (4ஆம் பதில்). ‘நடைபெற்றது’ அல்லது ‘நடத்தப்பட்டது’. ‘வெளியாயின’ அல்லது ‘வெளியிடப்பட்டன’.

10. ‘அவர் விருது வழங்கப்பட்டார்’ என்று எழுதலாமா? ஆங்கிலத்தில் அப்படித்தானே வருகிறது?

ஆங்கிலத்தில் பெறுபவரையும் எழுவாயாக்கலாம். தமிழில் ‘கு’ உருபு ஏற்ற பெயர் அப்படியே நிற்கும்: ‘அவருக்கு விருது வழங்கப்பட்டது.’ வழங்கப்பட்டது விருதுதான், அவர் அல்ல. அவர் எழுவாயாக வேண்டுமென்றால் வினையை மாற்றுங்கள்: ‘அவர் விருது பெற்றார்.’ இதே கதைதான் ‘மாணவர்கள் பாடம் கற்பிக்கப்பட்டனர்’ என்பதற்கும். கற்பிக்கப்பட்டது பாடம், மாணவர்களுக்குக் ‘கு’ வேண்டும்.

11. படு, பெறு, உண். எது எங்கே வரும்?

‘படு’ எங்கும் வரும். ‘பெறு’ மங்கலமானது, மரியாதை கூடியது: கட்டப்பெற்ற கோயில், வெளியிடப்பெற்ற மலர், அழைக்கப்பெற்ற விருந்தினர். ‘படு’ என்பதில் துன்புறுதல் என்ற சாயல் இருப்பதால் நல்ல செய்திக்குப் ‘பெறு’வே பொருத்தம் என்று கருதுவோர் உண்டு. அது நடைத்தேர்வு, இலக்கணக் கட்டாயம் அல்ல. ஆனால் எதிர்த்திசையில் போகாதீர்கள்: ‘கொல்லப்பெற்றார்’, ‘பணிநீக்கம் செய்யப்பெற்றார்’ என்பவை கேலியாகத் தொனிக்கும்.

‘உண்’ இன்று சில சொற்களோடு நின்றுவிட்டது: கொலையுண்டார், கட்டுண்டார், சிக்குண்டார், வெட்டுண்டது. இதன் பக்கத்து வீட்டுக்காரர்கள் அடிபட்டது, பிடிபட்டான், அறுபட்டது, மிதிபட்டது போன்றவை. ‘பிடிக்கப்பட்டான்’ என்பதைவிடப் ‘பிடிபட்டான்’ எவ்வளவு கச்சிதம்!

12. பேசும்போது யாரும் ‘படு’ சொல்றதில்லையே. அப்போ பேச்சுல இதை எப்படிச் சொல்றோம்?

நாலைந்து வழிகளில். எழுவாயைச் சொல்லாமல் பலர்பாலில் விடுவது: ‘ரோட்டைத் தோண்டிப் போட்டுட்டாங்க’, ‘அவனைப் பிடிச்சிட்டாங்க’. ‘ஆச்சு’ சேர்ப்பது: ‘பணம் கட்டியாச்சு’. ‘போச்சு’ சேர்ப்பது: ‘எல்லாம் வித்துப்போச்சு’. ‘வாங்கு’ சேர்ப்பது: அடி வாங்கினான், திட்டு வாங்கினேன், நாய்கிட்ட கடி வாங்கினான். பெயரோடு ‘ஆகு’ சேர்ப்பது: கைதானார், தேர்வானார், ரத்தாச்சு.

கடைசி வழி எழுத்துக்கும் அருமையாகப் பொருந்தும். ‘தேர்வு செய்யப்பட்டார்’ எட்டிய இடத்தைத் ‘தேர்வானார்’ பாதித் தூரத்தில் எட்டிவிடும். பத்திரிகைத் தலைப்பு இன்னும் ஒரு படி மேலே போய் வினையையே விட்டுவிடுகிறது: ‘மூவர் கைது.’ பலர்பால் வழியில் மட்டும் கவனம் தேவை. ‘அங்கே தடியடி நடத்தினார்கள்’ என்று செய்தியில் எழுதினால் ‘யார்?’ என்ற கேள்வி உடனே எழும்.

13. செய்தியில் ‘என்று கூறப்படுகிறது’ போட்டால் பாதுகாப்பு என்கிறார்கள். சரியா?

அது எழுதுகிறவருக்குப் பாதுகாப்பு மாதிரித் தோன்றும், அவ்வளவுதான். ஊர் பேச்சைத் திரும்ப அச்சிட்டாலும் அதற்குப் பொறுப்பு அச்சிட்டவருக்கும் உண்டு. வாசகருக்கோ அதில் பயன் இல்லை: கூறியவர் காவல் ஆய்வாளரா, பக்கத்து வீட்டுக்காரரா, எதிர்க்கட்சிக்காரரா? ஆதாரம் இருந்தால் பெயரோ பதவியோ சொல்லுங்கள்: ‘காவல்துறை தெரிவித்தது’, ‘முதல் தகவல் அறிக்கையில் இருக்கிறது’. இல்லையென்றால் அந்தத் தகவல் அச்சேறத் தயாராகவில்லை.

ஆனால் ‘குற்றம் சாட்டப்பட்டவர்’ வேறு விஷயம். தீர்ப்புக்கு முன் ஒருவரைக் ‘கொலையாளி’, ‘திருடர்’ என்று எழுதுவதற்கில்லை. அவர்மேல் பிறர் சாட்டியிருக்கிறார்கள் என்பது மட்டுமே அப்போதைய உண்மை. அதைத் துல்லியமாகச் சொல்வது செயப்பாட்டு வினைதான். இங்கே அதைச் சுருக்கவோ மாற்றவோ கூடாது.

14. ஆபீஸ் லெட்டர்ல ‘நடவடிக்கை எடுக்கப்படும்’னு முடிச்சா போதாதா? எல்லாரும் அப்படித்தானே எழுதறாங்க?

ஆணையில் ‘இதனால் ஆணையிடப்படுகிறது’, அறிவிப்பில் ‘தெரிவிக்கப்படுகிறது’ என்பவற்றுக்கு ஒரு காரணம் உண்டு. பேசுவது தனிமனிதர் அல்ல, அந்த இருக்கை. கையெழுத்திட்டவர் மாற்றலாகிப் போனாலும் ஆணை நிற்கும். கடைப் பலகையில் ‘ஆர்டரின் பேரில் செய்து தரப்படும்’ என்று எழுதுவதும் அப்படியே. யார் செய்வார் என்பது யாருக்கும் சந்தேகமில்லை.

மனுவுக்கு எழுதும் பதிலில் நிலைமை வேறு. ‘தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டு உரிய நடவடிக்கை எடுக்கப்படும்’ என்றால் யார், எப்போது, என்ன என்ற மூன்றுக்கும் விடை இல்லை. ‘நில அளவர் வரும் 15 நாட்களுக்குள் இடத்தை அளந்து வட்டாட்சியருக்கு அறிக்கை தருவார்’ என்று எழுதிப் பாருங்கள். வினை செய்வினையானதுமே ஆளும் நாளும் தாமாக வந்து உட்காரும். ஒருவேளை அதனால்தான் பலர் எழுதுவதில்லையோ என்னவோ. பதில் பெறுகிறவராக இருந்தால், அடுத்த மனுவில் இந்த மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ் பொதுத் தகவல் அலுவலர் பொதுவாக 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

15. ஆய்வேட்டில் ‘நான்’ வரக் கூடாது, எல்லாமே ‘ஆராயப்பட்டது’ என்றுதான் இருக்க வேண்டும் என்கிறார் வழிகாட்டி.

செய்முறைப் பகுதியில் அவர் சொல்வது செல்லும். ‘மாதிரிகள் 24 மணிநேரம் உலர்த்தப்பட்டன’ என்ற இடத்தில் உலர்த்தியவர் யாராக இருந்தாலும் முடிவு மாறக் கூடாது என்பதே ஆய்வின் ஆதாரம். ஆளை விட்டுவிடுவது பொருளோடு ஒத்துப்போகிறது.

கருத்துச் சொல்லும் பகுதியில் அது செல்லாது. ‘இச்சொல் வடமொழியிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது’ என்றால் கருதியவர் நீங்களா, முன்னோரா, எல்லோருமா? ‘நான்’ கூச்சமாக இருந்தால் ‘இவ்வாய்வு கருதுகிறது’ என்று எழுதுங்கள். பிறர் கருத்தென்றால் அவர் பெயரைப் போடுங்கள். இது 13ஆம் கேள்வியின் ‘கூறப்படுகிறது’ நோய்தான், கோட் சூட் போட்டு வந்திருக்கிறது.

செய்முறை விளக்கம் வேறு, சமையல் குறிப்பு வேறு. ‘வெங்காயம் சேர்க்கப்பட வேண்டும்’ என்று குறிப்பு எழுதாதீர்கள். ‘சேர்த்து வதக்கவும்’.

16. இங்கிலீஷ்ல எழுதும்போது மட்டும் ‘பேசிவ் வாய்ஸ் வேண்டாம்’னு சாஃப்ட்வேரே அடிக்கோடு போடுதே. அங்கேயும் இதே விதிதானா?

ஓரளவுக்குத்தான். ஆங்கிலத்தில் பேசிவ் வாய்ஸுக்கு நியாயமான இடங்கள் தமிழைவிட அதிகம். 6ஆம் பதிலில் சொன்னபடி, பழகிய பொருளை வாக்கியத்தின் முன்னால் வைத்துப் புதிய செய்தியைப் பின்னால் தள்ள அதற்கு இதுதான் முக்கிய வழி. ‘தி பாம்பன் பிரிட்ஜ் வாஸ் ஓப்பன்ட் இன் 1914’ என்பதில் திறந்தவர் பெயரால் ஒன்றும் ஆகப்போவதில்லை. பாலம் முன்னால் நிற்க வேண்டும். அந்த வாக்கியம் அப்படியே இருக்கட்டும். செய்தவர் தெரியாதபோதும், வெளிப்படையாகத் தெரியும்போதும், செய்தவரைக் குறிக்கும் தொடர் இரண்டு வரி நீண்டு கடைசியில்தான் வைக்க முடியும் என்றபோதும் பேசிவே நல்லது. அடிக்கோடு ‘யோசித்துப் பார்’ என்கிறது, ‘மாற்று’ என்று அல்ல.

மாற்ற வேண்டிய இடம், ‘பை’ என்ற சொல்லோடு செய்தவர் பெயரும் வந்து, முன்னால் நிற்கும் பொருளுக்கு எந்தச் சிறப்பும் இல்லாத இடம். தமிழ் பேசுகிறவர்கள் ஆங்கிலத்தில் செய்யும் தனிப்பிழை ஒன்றும் உண்டு: ‘ஹேப்பன்’, ‘அக்கர்’ போன்ற வினைகளுக்குப் பேசிவ் வடிவம் கொடுத்து ‘தி ஆக்ஸிடென்ட் வாஸ் ஹேப்பன்ட்’ என்று எழுதுவது. 9ஆம் பதிலில் பார்த்த ‘நடைபெறப்பட்டது’தான் இது.

17. எழுதி முடிச்ச கட்டுரையில ‘படு’வை எல்லாம் எப்படித் தேடிப் பிடிக்கறது?

தேடல் பெட்டியில் முதலில் ‘ப்பட்’ என்று தேடுங்கள்: பட்டது, பட்டன, பட்ட எல்லாம் வரும். அடுத்து ‘ப்படு’: படுகிறது, படும். பிறகு ‘ப்படவ’, ‘ப்படா’, ‘ப்படமா’: படவில்லை, படாத, படமாட்டாது. ‘ப்பட’ என்று மட்டும் தேடினால் சில மென்பொருள்கள் ‘அப்படி’, ‘எப்படி’ எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்து கொட்டும்.

வந்தவற்றில் 2ஆம் பதிலில் உள்ள கவலைப்படு வகையைத் தாண்டுங்கள். பின்னால் பெயர்ச்சொல் வரும் ‘பட்ட’, ‘படும்’ என்றால் 8ஆம் பதில். முன்னால் ‘ஆல்’ என்றால் 6. ‘காணப்படுகிறது’ கண்ணில் பட்டால் ‘இருக்கிறது’ என்று மாற்றிப் பாருங்கள்; ‘சந்தையில் கூட்டம் அதிகமாகக் காணப்பட்டது’ என்பதில் கூட்டம் இருந்தது, அவ்வளவுதான். ‘என்று அழைக்கப்படுகிறது’ என்பதற்கு ‘எனப்படும்’ அல்லது ‘என்பார்கள்’. மிஞ்சுபவற்றை 4ஆம் பதிலின் இரண்டு கேள்விகளால் சோதியுங்கள். கடைசியில் எண்ணிக்கை பூஜ்யமானால் எங்கோ மிகையாக வெட்டிவிட்டீர்கள் என்று சந்தேகப்படலாம்.

18. வாடிக்கையாளருக்கு மன்னிப்புக் கடிதம். ‘தவறு நடந்துவிட்டது’ன்னு எழுதினேன். இதுல ‘படு’வே இல்லையே, அப்போ சரிதானே?

இலக்கணம் சரி, மன்னிப்புதான் அதில் இல்லை. ‘நடந்துவிட்டது’ செயப்பாட்டு வினை அல்ல, தானாக நிகழ்ந்ததைச் சொல்லும் வினை. 5ஆம் பதிலில் பார்த்த ‘கட்டணம் உயர்ந்தது’ போல இதுவும் ஆளை அடியோடு அகற்றிவிடுகிறது. ‘தவறு செய்யப்பட்டுவிட்டது’ என்றால் ஆளின் நிழலாவது தெரியும், ஆனால் அப்படி யாரும் தமிழில் மன்னிப்புக் கேட்பதில்லை. ‘உங்கள் கணக்கில் 450 ரூபாயை இருமுறை பிடித்துவிட்டோம், வெள்ளிக்கிழமைக்குள் திருப்பிச் செலுத்துகிறோம்’ என்று எழுதுங்கள்.

19. ஆங்கில மூலத்தில் செய்தவர் பெயர் இல்லை. தமிழில் செய்வினையாக மாற்ற நானே ஒரு எழுவாய் போடலாமா?

போடக் கூடாது. மூலம் மறைத்ததை மொழிபெயர்ப்பாளர் வெளியிட உரிமை இல்லை. ஊகித்து எழுதினால் தவறான ஆளைக் குற்றவாளியாக்கவும் கூடும். ‘படு’வைத் தவிர்க்கும் ஆசையில் அதிகம் நடக்கும் விபத்து இது. ‘கிராமத்தினர் வெளியேற்றப்பட்டனர்’ என்பதை ‘இராணுவம் கிராமத்தினரை வெளியேற்றியது’ என்று மாற்றினால் இல்லாத தகவல் ஒன்று நுழைந்துவிட்டது. ‘கிராமத்தினர் வெளியேறினர்’ என்று சுருக்கினால் இருந்த தகவல் ஒன்று போய்விட்டது. இரண்டாவது வகை கண்ணுக்கு எளிதில் தெரியாததால் அதற்குத்தான் கூடுதலாகப் பயப்பட வேண்டும்.

செய்தவர் யார் என்பது மூலத்தின் முந்தைய பத்தியில் தெளிவாக இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். சட்ட ஆவணம், ஒப்பந்தம், வாக்குமூலம் ஆகியவற்றில் அதையும் செய்யாமல் ‘படு’வை அப்படியே வைத்துவிடுங்கள், வாக்கியம் கொஞ்சம் கனமாக இருந்தாலும் இருக்கட்டும்.